கடலுக்கு நாலு எல்லை

நானே வாசகம் அமைத்து அடித்த முதல் மனு கடலைப் பற்றியது. அப்போது நான் கடலைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் அந்த மனு இன்னும் ஒழுங்காக வந்திருக்கும். ஆனால் இன்றைக்கு இதை எழுத எனக்கு விஷயம் இருந்திருக்காது.

எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானல் பஸ் நிலையத்துக்கு மேலே, தாலுகா ஆபீசுக்கு ஏறுகிற வழியில் ஒரு பத்திர எழுத்தர் கடையில் நான் டைப்பிஸ்ட். வயது பத்தொன்பது. மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் நான் யாரிடம் பேசத் தொடங்கினாலும் மூன்றாவது வாக்கியத்தில் இது வந்துவிடும். மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது முடித்தேன். டைப்பிங்கில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர், இரண்டும் பாஸ். நான் வேலைக்குச் சேர்ந்த மாதம் அப்பா சந்தைக்கு வந்தவர் கடைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று நான் டைப் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோழி கொத்துற மாதிரி வெரசா கொத்துறாளே" என்று யாரிடமோ சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

கடையில் முதலாளி எழுதித் தருவதை நான் அடிப்பேன். கிரயப் பத்திரம், குத்தகை ஒப்பந்தம், பாகப் பிரிவினை. மலையில் நிலம் என்றால் அதற்கு நாலு எல்லை சொல்லியாக வேண்டும். வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே ஓடை, கிழக்கே வண்டிப் பாதை, மேற்கே பாறைப் புறம்போக்கு. பத்திரத்தில் இதற்குச் செக்குபந்தி என்று பெயர். அது சரியாக இருந்தால் பத்திரம் சரி, இல்லாவிட்டால் கோர்ட்டு. ஒரு வருடத்தில் நான் அடித்த செக்குபந்திகளை வரிசையாக வைத்தால் வத்தலக்குண்டு வரைக்கும் போகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "இதற்கு நான்கெல்லைகளாவது" என்று தொடங்கிவிடுவேன்.

அந்த வருடம் சித்திரையில் முதலாளி கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போனார். போகும்போது கடைச் சாவியை என் மேஜையில் வைத்து, "நான் வர்ற வரைக்கும் நீயா எதுவும் எழுதாத தாயி. யாராச்சும் எழுதிக் கொண்டாந்தா அத அப்படியே அடி. கூட்டாத, கொறைக்காத" என்றார்.

"சரிங்க" என்றேன். மூன்று நாள் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன்.

நாலாம் நாள் எங்கள் ஹாஸ்டல் சமையல் அக்கா கடைக்கு வந்தார். ஐந்து வருடம் எனக்குச் சோறு போட்டவர். கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு மீனவர் ஊரிலிருந்து பிழைக்க வந்து, மலையிலேயே தங்கிப்போனவர். அவருக்குப் பின்னால் ஓர் ஆள். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், நல்ல கறுப்பு, மேலே ரோஸ் கலர் ஸ்வெட்டர். ஸ்வெட்டர் அக்காவுடையது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஹாஸ்டலில் குளிர் காலத்துக் காலைகளில் எங்களுக்குக் கஞ்சி ஊற்றிய ஸ்வெட்டர் அது.

"எங்க அண்ணன். ஊர்ல இருந்து வந்திருக்கு. ஒரு மனு அடிக்கணும்" என்றார் அக்கா. பிறகு அண்ணனிடம் திரும்பி, "இந்தப் புள்ளதான். நம்ம ஹாஸ்டல்ல படிச்சது. ரெண்டு பாஷையிலயும் அடிக்கும்" என்றார்.

அண்ணன் கையை அக்குளில் வைத்துக்கொண்டு என் விரல்களைப் பார்த்தார். "இந்தக் குளுருல ஒனக்கு எப்படி மக்கா வெரலு நீளுது? எனக்கு மடங்கினது மடங்கினபடி இருக்கு."

வெளியே சீசன் கூட்டம் தொப்பி வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் சட்டை இல்லாமல் ஓடின. இவர் மட்டும் நடுங்கினார். டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

கடலுக்கடியில் கல் பரந்து கிடக்கும் இடத்துக்கு அவர்கள் 'பார்' என்பார்கள். அங்கேதான் மீன் ஒதுங்கும், குஞ்சு பொரிக்கும். அவர்கள் ஊருக்கு நேரே அடியில் வெறும் மணல், அதனால் மீன் நிற்பதில்லை. முன்னோர் காலத்தில் மரக்கிளையைக் கல்லோடு கட்டி இறக்குவார்கள். இப்போது ஊர் சேர்ந்து பெரிதாகவே ஒரு பார் கட்ட முடிவு செய்திருந்தது. பாறாங்கல்லும் சிமெண்ட் கிணற்று உறையும் சேர்த்து, வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் இறக்குவது. உறைகள் எல்லாம் வந்து கரையில் இறங்கிவிட்டன. அதற்குள் விசைப்படகுக்காரர்கள், வலை கிழியும் என்று மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு கல் கூட இறக்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

"அனுமதி கேட்டா குடுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"மீன் ஆபீசுக்குப் போனா, தொறமுக ஆபீசு ஆட்சேபம் இல்லன்னு எழுதித் தரட்டும், பெறவு நாங்க தாறோம்னு சொல்லுகான். தொறமுக ஆபீசுக்குப் போனா, மொதல்ல மீன் ஆபீசு தரட்டும்ங்கான். நான் நடுவுல பந்து மாதிரி கெடந்து உருளுகேன். சரி, எழுதிக் குடுக்கோம், அதுக்குள்ள மனு பாரம் எதுன்னு கேட்டா, இதுக்குன்னு பாரமே கெடையாதாம். இதுவரைக்கும் எவனும் கேட்டதில்லியாம்."

அக்கா இடையில் சொன்னார்: "ஆனி பொறந்தா கடல் திரும்பிரும். மூணு மாசத்துக்கு வள்ளம் எறக்க முடியாது. ஒறை எல்லாம் கரையில கெடந்தா அலை ஏறி மண்ணுல பொதஞ்சிரும். தோண்டி எடுக்க முடியாது."

ஆக, வைகாசி முடிவதற்குள் கடிதம் வர வேண்டும். கையில் ஒன்றரை மாதம்.

பாரம் இல்லையா? அந்த வார்த்தை எனக்குத் தேன். பாரம் இல்லாவிட்டால் நான் உண்டாக்குவேன். முதலாளி சொன்னது ஒரு கணம் ஞாபகம் வந்தது. பத்திரம்தானே எழுதக் கூடாது, இது மனு என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு தாளைச் சொருகினேன். ஒன்று, விண்ணப்பிக்கும் சங்கத்தின் பெயர். இரண்டு, ஊர்க்கூட்டத் தீர்மானம். மூன்று, அடுத்த ஊர்க்காரர்களின் சம்மதம். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அடித்தேன். அண்ணன் மேஜைக்குப் பக்கத்தில் நின்று எழுத்து விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் சும்மா ஒரு கேள்வி கேட்டார். "நீ கடலு பாத்திருக்கியா மக்கா?"

"ஓ, பாத்திருக்கேனே" என்றேன்.

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. ரெண்டு பாஷையிலயும் அடிக்கும் என்று அக்கா சொல்லிய சூடு ஆறுவதற்கு முன்னால், கடல் பார்த்ததில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. நான் பார்த்ததில் பெரிய தண்ணீர் வைகை அணை. ஹாஸ்டலில் இருந்து ஒரே ஒரு முறை கூட்டிப் போனார்கள். அந்த டூருக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு கூட வந்தவர் இதே அக்காதான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆறாவதாக, இடம். எனக்குப் பழக்கமான வேலை.

"வடக்கே என்னங்க?"

"வடக்கே கரை. ஆனா தூரமா இருக்கு. பக்கத்துல கடலுதான்."

"கிழக்கே?"

"கடலு."

"மேற்கே?"

"கடலு மக்கா."

"தெற்கே?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தெக்கேயும் கடலுதான். அங்கிட்டு ரொம்ப தூரத்துக்குக் கடலுதான்." பிறகு தயங்கி, "எடத்துக்கு நாங்க வேற கணக்கு வெச்சிருக்கோம். மாதா கோயில் கோபுரமும் பின்னால மலையும்..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் மனுவுல வராதுங்க" என்றேன்.

"சரி. படிச்ச புள்ள, நீ சொன்னா சரி."

நான் அடித்தேன். இதற்கு நான்கெல்லைகளாவது: வடக்கே கடல், தெற்கே கடல், கிழக்கே கடல், மேற்கே கடல். இதற்குள்பட்ட சுமார் இருபது சென்ட் இடமும், அதில் இறக்கப்படும் கல், கிணற்று உறை வகையறாவும், வழிநடைப் பாத்தியம் சகிதம். நிலத்துக்கு நடந்து போய்வரும் உரிமைதான் வழிநடைப் பாத்தியம்; பழக்கத்தில் தானாக வந்து விழுந்துவிட்டது. படித்துப் பார்த்தபோது நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் உண்மையிலேயே நன்றாகச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆபீசுக்கும் தனித்தனியாக அடித்து, ஒவ்வொன்றின் அடியிலும் 'நகல்' என்று போட்டு மற்ற ஆபீசின் விலாசத்தைச் சேர்த்தேன். அங்கே போயிருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியும், இவர்களுக்கு வந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இனி யாரும் அண்ணனை உருட்ட முடியாது. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு வருடம் உட்கார்ந்ததில் கற்றுக்கொண்டது அது.

அண்ணன் மனுக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். போகும்போது ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று அக்கா இரண்டு நாள் திட்டினார்.

வைகாசி பிறந்து ஏழெட்டு நாள் ஆகியிருக்கும். காலையில் வெள்ளனே கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு கவரோடு வந்தார். முகம் சரியில்லை. உள்ளே மீன் ஆபீஸ் கடிதம். மனு திரும்பி வந்திருந்தது. மேலே ஒரு தாளில் நாலே வரி. விண்ணப்பதாரர் குறிப்பிட்டுள்ள நான்கு எல்லைகளும் கடலாகவே இருப்பதால், நடுவில் உள்ள இடம் எது என்பது விளங்கவில்லை. தெளிவான இட விவரத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்.

அதோடு அண்ணன் யாரையோ கொண்டு எழுதி அனுப்பிய துண்டுச் சீட்டு. "இடம் சரியில்லை என்று சொல்லுகிறார்கள். படிச்ச பிள்ளையிடம் கேட்டு வேறு எழுதி அனுப்பச் சொல்லவும்."

திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்றைக்கென்று பார்த்து முதலாளி மதுரையிலிருந்து வந்து இறங்கினார். ஒரு கண்ணில் பச்சைத் துணி தொங்கியது. மூக்கை மேலே தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். "என்ன அது கையில? எனக்கு இன்னும் எழுத்து தெரியாது. வாசி."

கடையில் ஏற்கெனவே இரண்டு பேர் பத்திரத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பூம்பாறைப் பக்கம், இன்னொருவர் கன்னிவாடியிலிருந்து வந்தவர். அவர்கள் முன்னால் நான் அடித்ததை நானே சத்தமாக வாசிக்க வேண்டியதாயிற்று. வடக்கே கடல் என்றபோது ஒருவரும் அசையவில்லை. கிழக்கே கடல் என்றபோது கன்னிவாடிக்காரர் துண்டால் வாயை மூடினார். வழிநடைப் பாத்தியத்தில் முதலாளி கண்ணைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

"சிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிவிட்டிருக்காரு தாயி. தையல் விட்டுரும். நிறுத்து."

"நீங்கதானே வாசிக்கச் சொன்னீங்க?"

"கடலுக்குச் செக்குபந்தி எழுதின மொத ஆளு நீதான்."

பூம்பாறைக்காரர், "ஏங்க, அந்த இருவது சென்டுக்குப் பட்டா கெடைக்குமா? பூண்டு போடலாம்னு பாக்கேன்" என்றார்.

அழுகை வந்தது, அடக்கினேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆளான நான் அடித்த மனு இப்படித் திரும்பி வந்ததும் வலிதான். ஆனால் தூரத்தில் ஒரு கரையில் கிணற்று உறைகள் கிடக்கின்றன. அலை ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் என் ஒரு பொய். இதுதான் அதிகம் உறுத்தியது. முதலாளி சிரித்து முடித்து, "சரி, இத இனி யாரு சரி பண்ணுறது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"அப்ப போ. இன்னைக்கு இங்க உனக்குச் சோலி இல்ல."

ஹாஸ்டல் சமையலறைக்குப் போனேன். அக்கா பெரிய தாம்பாளத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். பத்துப் பல் உரித்த பிறகு, "அக்கா, நான் கடல் பாத்ததில்ல" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார், தலை தூக்காமல். "வைகை அணையப் பாத்துட்டு, இவ்வளவு தண்ணியான்னு வாயப் பொளந்து நின்னவதானே நீ. புளிச்சாதத்துல கொசு விழுந்தது கூடத் தெரியல."

"பெறகு ஏன் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல?"

"எங்க அண்ணனுக்கு முன்னால உன்னப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?"

"கடல்ல ஒரு எடத்த எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க?" என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அக்கா எழுந்து கையைத் துடைத்தார். சமையலறையின் ஒரு மூலையில் சோற்று அண்டா. "அது மலைன்னு வெச்சிக்க." அதற்கு முன்னால் ஸ்டூலில் ஒரு செம்பை வைத்தார். "இது மாதா கோயில் கோபுரம். நீ வள்ளம். பின்னால போ. கோபுரம் மலையோட வெடிப்புக்கு நேரா வர்ற மாதிரி பாத்துக்கிட்டே போ."

நான் பின்னால் நடந்தேன். செம்பு அண்டாவின் கைப்பிடிக்கு நேராக வந்தது. "வந்திருச்சு."

"அந்தக் கோட்ட விடாம இன்னும் பின்னால போ. இப்ப கெழக்காம பாரு. அந்த அலமாரி ஒரு மொட்டப் பாறை. அதுக்கு முன்னாடி இந்தத் தூண் லைட் அவுஸ். ரெண்டும் ஒண்ணா மறையுதா?"

"இன்னும் இல்ல."

"அப்ப போ."

போனேன். தூணும் அலமாரியும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் நின்றேன். பின்னால் விறகு இடித்தது.

"அங்கதான் கல்லு எறக்கணும்" என்றார் அக்கா. "கடல்ல கோடு போட முடியாது. கரையில இருக்கிறத வெச்சித்தான் எடம். அண்ணன் இதத்தான் சொல்ல வந்துச்சு. நீதான் மனுவுல வராதுன்னுட்ட."

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. இது எனக்குத் தெரியாத கணக்கே இல்லை. எங்கள் மேல்மலையில் மழையில் எல்லைக் கல் புதைந்துபோனால் அப்பா இப்படித்தான் தேடுவார். பாறை மூக்கு நாவல் மரத்துக்கு நேரே வர வேண்டும், பக்கத்து மலையின் வெள்ளைத் தழும்பு கொட்டகை முகட்டைத் தொட வேண்டும். அங்கே நின்று மண்வெட்டியால் இரண்டு வெட்டு, கல் தெரிந்துவிடும். நான் சின்னப் பிள்ளையில் எத்தனையோ தடவை அந்த இடத்தில் நின்று "இங்கதான்ப்பா" என்று கத்தியிருக்கிறேன். பத்திரம் அடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அதெல்லாம் எழுத்தில் வராத சங்கதி என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் ஆபீசுக்குச் செம்பும் அண்டாவும் போதாது. வரைபடம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பூகோளம் எடுத்த மிஸ்ஸிடம் போய் நின்றேன். அவர் நூலகத்திலிருந்து ஒரு பழைய மாவட்ட வரைபடத்தை எடுத்து வந்து மேஜையில் விரித்தார். நாலு மூலைக்கும் நாலு அகராதி வைத்தும் சுருண்டது. ஊர் பெயர்கள் எறும்பு மாதிரி இருந்தன. நானும் மிஸ்ஸும் மூக்கால் உரசித் தேடினோம். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஓரமாக நின்றுகொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்து, கரைக் கோட்டின் மேல் விரலை வைத்து மேற்கே இழுத்துக்கொண்டே போனார். ஒரு சின்ன வளைவில் விரல் நின்றது.

"இதுதான் எங்க ஊரு. இங்க கரை இப்படி உள்ள வாங்கும். எங்க வீடு இந்த எடத்துல."

மிஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்த ஊரேதான்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. கோபுரத்திலிருந்து மலைக்கு ஒரு கோடு, அதைக் கடலுக்குள் நீட்டினோம். லைட் ஹவுசிலிருந்து பாறைக்கு ஒரு கோடு, அதையும் நீட்டினோம். இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் மிஸ் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஓரத்தில் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளை வாசித்துச் சொன்னார். "சுமார்னு போட்டுக்கோ. இந்த வரைபடத்துல பென்சில் கோட்டுத் தடிமனே கடல்ல கால் மைல் வரும்" என்றும் சொன்னார். அப்படியே போட்டேன். பாகை ஆபீசுக்கு, அடையாளம் வள்ளத்தில் போகிறவர்களுக்கு. இரண்டையும் எழுதி, ஒரு படமும் வரைந்து சேர்த்தேன். கரையிலிருந்து இழுக்கிற தங்கள் கரைவலை சிக்கும் என்று சம்மதிக்கத் தயங்கிய அடுத்த ஊர்க்காரர்களின் வலை எவ்வளவு தூரம் போகும் என்று அக்காவிடம் கேட்டு, பார் அதற்கு அப்பால்தான் வருகிறது என்று ஒரு பத்தி எழுதினேன். இறக்கிய பிறகு மேலே ஒரு மிதவை கட்டிவைப்போம், படகுக்காரர்கள் அதைப் பார்த்து ஒதுங்கலாம் என்று இன்னொரு பத்தி. அது அக்காவின் யோசனை. தெரியாத எதையும் இந்த முறை நான் எழுதவில்லை. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு முறை கேட்டேன். அக்காவுக்கே சலித்துப்போய், "சாம்பார் தீஞ்சிரும், போ புள்ள" என்றார்.

மறுநாள் பனி கடைக்குள் வந்து கார்பன் தாள் நமுத்துப்போயிருந்தது. அடுப்புக்கு மேலே காட்டி உலர்த்தி, மறுபடியும் இரண்டு ஆபீசுக்கும் அடித்தேன். ஆறாவதில் பழைய நான்கெல்லைகளை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். முதலாளி யோசித்துப் பார்த்து, "இருக்கட்டும். ஏற்கெனவே பைல்ல அந்த நம்பர்தான் ஏறியிருக்கும். எடுத்தா அத ஏன் எடுத்தேன்னு ஒரு கடுதாசி வரும்" என்றார். அதனால் அது அப்படியே இருந்தது. ஏழாவதாக அடையாளங்களைச் சேர்த்தேன். வழிநடைப் பாத்தியத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

அதைத் தபாலில் போட்ட பிறகு ஒவ்வொரு நாளும் தேதி கிழிக்கிற காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைகாசி இருபது. இருபத்திரண்டு. தபால்காரர் கடை வழியாகப் போகும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். "உனக்குக் கல்யாண ஓலை எதுவும் வரலம்மா" என்று அவர் சிரித்துக்கொண்டே போவார். இருபத்தைந்தாம் தேதி வாக்கில் அக்காவுக்குக் கார்டு வந்தது. மீன் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து வள்ளத்தில் ஏறியிருக்கிறார். கோபுரமும் மலை வெடிப்பும் ஒன்று சேரும் இடத்தில் நிறுத்தி, கையில் இருந்த என் படத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறார். சரி என்று தலையாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு கரை வருகிற வரைக்கும் வாந்தி எடுத்திருக்கிறார். கரையில் இறங்கியதும் மணலில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டிருக்கிறார். துறைமுக ஆபீசும் நகலைப் பார்த்துக் கூடவே எழுதிவிட்டதாம்.

வைகாசி கடைசி மூன்று நாளில் உறைகளை இறக்கினார்கள். நாலாம் நாள் கடல் திரும்பிவிட்டது என்று அடுத்த கார்டில் இருந்தது. அன்றைக்கு ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அக்கா பாயசம் வைத்தார். எனக்கு ஒரு தூக்குப் போணி நிறைய வந்தது. முதலாளி பாதிக்கு மேல் குடித்துவிட்டார்.

ஐப்பசியில் அண்ணன் வந்தார். விடாத மழை, குளிர். இந்த முறை இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார், அடியில் அதே ரோஸ் கலர். ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்திருந்தார். அது வந்து சேருவதற்கு முன்பே அதன் வாசனை படியேறி வந்துவிட்டது. கூட இன்னொருவர். பக்கத்து ஊர்க்காரர். முன்பு கரைவலை சிக்கும் என்று முறுக்கிக்கொண்டு நின்ற ஊர்.

"மீன் நிக்குது மக்கா" என்றார் அண்ணன். "ஆவணியில மொதல்ல பொடி மீனுதான். இப்ப கலவா மீன் வருது. இவங்களுக்கு இப்ப அது பொறுக்கல. இவங்களும் பார் கட்டணும்னு நிக்காங்க."

பக்கத்து ஊர்க்காரர் கூச்சத்தோடு ஒரு தாளை நீட்டினார். "இப்பம் பாரம் குடுக்கானுவ. இத அடிச்சுத் தரணும்."

ஸ்டென்சிலில் உருட்டி எடுத்த பாரம். மை கொஞ்சம் பரவியிருந்தது. ஒன்று, விண்ணப்பிக்கும் சங்கத்தின் பெயர். இரண்டு, ஊர்க்கூட்டத் தீர்மானம். படிக்கப் படிக்க என் காது சுட்டது. ஒவ்வொரு வரியும் என்னுடையது. என் மனுவை அப்படியே எடுத்துப் பாரமாக்கிவிட்டார்கள். ஏழாவதில் கரை அடையாளங்கள். எட்டாவதில் மிதவை. ஆறாவதில், எந்த மாற்றமும் இல்லாமல், நான்கு எல்லைகள்.

முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இப்போது அவருக்கு இரண்டு கண்ணும் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மழையைப் பார்த்து நின்றுகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

நான் தாளைச் சொருகினேன். முகத்தை ஆபீஸ்காரி மாதிரி வைத்துக்கொண்டேன். "வடக்கே என்னங்க?"

"கடலு" என்றார் பக்கத்து ஊர்க்காரர்.

அடித்தேன். கிழக்கே, கடல். மேற்கே, கடல். தெற்கே என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திவிட்டு, நாற்காலியைத் திருப்பி அண்ணனைப் பார்த்தேன். "அண்ணே, அன்னைக்கு நான் உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். நான் கடல் பாத்ததே கெடையாது."

அண்ணன் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி தலையாட்டினார். "அது அப்பமே தெரியும் மக்கா. கடலப் பாத்தவ அதுக்கு நாலு பக்கம் கேப்பாளா?" பிறகு, "எங்க பாரை வந்து பாரு. கோபுரத்தையும் மலையையும் நீதான் சேத்துப் பிடிச்சுக் காட்டணும், நான் சும்மா இருப்பேன்" என்றார்.

தெற்கே கடலையும் அடித்து முடித்தேன். தாளை உருவி அவரிடம் கொடுத்துவிட்டு, நாலு நாள் லீவு கேட்க வாசலில் நின்ற முதலாளியிடம் போனேன்.